காற்று புகாத குளியலறை

ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியனை யாரும் ஓய்வாக இருக்க விடுவதில்லை. இந்த 2012-ல் வேலையை நிறுத்திக்கொண்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் போன் ஜாஸ்தியாக வருகிறது. கேள்வி மட்டும் ஒன்றுதான். "அண்ணே, கரண்ட் இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம்தான் ஜாஸ்தியா இருக்குது. பேசாம பழையபடி கேஸ் கீசருக்கே போயிடலாமா?" குடியிருக்கிறவர்களும் கேட்கிறார்கள், என்னோடு வேலை பார்த்த இளைய ஆட்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஐ.டி.ஐ. படித்தது, நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே அப்ரண்டிஸாக அலைந்தது, லைசென்ஸ் வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. வேலை என்று நான் கற்றுக்கொண்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞானப்பிரகாசம் சாரிடம் சேர்ந்த பிறகு. டிப்ளமா படித்த காண்ட்ராக்டர். கடலூரிலும் சிதம்பரத்திலும் அடுக்குமாடி வீடுகளுக்கு ஒயரிங், பராமரிப்பு எல்லாம் எடுத்துச் செய்தார்.

சாருக்குச் சில பழக்கங்கள் உண்டு. யாரையும் ஒருமையில் பேச மாட்டார். சிமென்ட் கலக்குகிறவரும் அவருக்கு 'நீங்க'தான். வேலை தொடங்குமுன் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். "சுவிட்சை யாரு வேணாலும் போடுவாங்க தண்டபாணி. இது என் பாக்கெட்டுல இருந்தா யாராலயும் போட முடியாது" என்பார். வேலை முடியும்வரை அது வேறு கைக்குப் போகாது. ஒருமுறை அதைப் பாக்கெட்டோடு மறந்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அந்த வீட்டுக்காரர்கள் ராத்திரி வரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவர் வாங்கிய திட்டு அந்தத் தெருவுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் பழக்கத்தை விடவில்லை.

2004-ல் கடலூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் எல்லா வீட்டுக் கேஸ் கீசரையும் எடுத்துவிட்டுக் கரண்ட் கீசர் மாட்டச் சொன்னார்கள். சமையலுக்கே சிலிண்டர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்கிற நிலையில் குளிக்கவும் ஒரு சிலிண்டரா என்பது அவர்கள் கணக்கு. நாங்கள் அப்படி மொத்தமாக மாற்றிய முதல் கட்டிடம் அதுதான்.

பார்க்க எளிதான வேலை. செய்யும்போதுதான் தெரியும். முதலில் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும். சார் அதையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு ட்யூபை உருவ வேண்டும். கரண்ட் கீசரை இருக்கிற பிளக்கில் சொருகிவிட்டால் போதும் என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட ஒயர் அந்தச் சுமையைத் தாங்காது. மீட்டரிலிருந்து தனியாகத் தடிமனான நாலு ஸ்கொயர் ஒயர் இழுத்து, சுமை மீறினால் தானே விழுகிற எம்.சி.பி. சுவிட்ச் ஒன்றும் தனியாக வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், கசிகிற கரண்டைத் தரைக்குள் இறக்கும் எர்த். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைக் கரண்ட் வருகிற பேஸ் ஒயரிலும் இன்னொரு முனையை எர்த்திலும் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். அந்தக் கட்டிடத்தில் பாதி வீடுகளில் பல்பு மினுக்கக்கூட இல்லை. எர்த் ஒயர் சுவருக்குள் போய் அங்கேயே முடிந்திருந்தது. உப்புத் தண்ணீர் ஊர், ஈரமான உடம்பு, எர்த் இல்லாத கீசர் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்ட பிறகுதான் சார் முதல் கீசரை மாட்டவிட்டார்.

மொத்தக் கட்டிடத்துக்கும் எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று சார் கணக்குப் போட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்க மாட்டார்கள், ஆபீஸ் போகிறவர் முதலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடுத்து, வீட்டில் இருக்கிறவர்கள் கடைசியில் என்பது அவர் கணக்கு. ஐப்பசி வரை எல்லாம் சரியாக ஓடியது. தீபாவளி அன்று விடியுமுன் எல்லா வீட்டிலும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் கீசரைப் போட்டார்கள். கட்டிடத்தின் மெயின் பியூஸ் அந்த வருடத்தின் முதல் வெடியாக வெடித்தது. நானும் எண்ணெய்த் தலையோடுதான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். படிக்கட்டு முழுக்க எண்ணெய் வழிய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சார் வந்து எரிந்த பியூஸைப் பார்த்தார். "கணக்கு சரிதான் தண்டபாணி. நான் தீபாவளி கொண்டாடறதில்ல, அதான் தப்பாயிடுச்சி" என்றார்.

பிறகு தடிமனான கேபிள் போட்டோம். ஆனால் அந்தத் தீபாவளியில் வேறொன்றும் கற்றுக்கொண்டோம். தொட்டி வைத்த கீசரை முதல் நாளே சூடாக்கி அணைத்துவிட்டால் பிளாஸ்கில் ஊற்றிய காப்பி மாதிரி விடியும்வரை சூடு நிற்கும். கரண்ட் போனால் வெந்நீர் கிடையாது என்பது பாதிதான் உண்மை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். இரண்டாம் மாடியில் அமிர்தவல்லி அம்மா. வீட்டுக்காரர் தவறிப்போய், ஒரே மகள் சுதாவைக் கீரப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். சுதா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்து சில வாரங்களுக்குள் சுதாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. மயங்கி விழுந்து கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. பார்த்த டாக்டர் அம்மா கெட்டிக்காரர். மாத்திரை எழுதுமுன் எங்கே விழுந்தாள் என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் குளியலறையில். "கேஸ் கீசரா? முதல்ல ஒரு ஆளைக் கூப்பிட்டு அதைப் பாக்கச் சொல்லுங்க" என்று அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் நாங்கள் போனோம்.

போனபோது ஹாலில் வேறொருவரும் உட்கார்ந்திருந்தார். கீரப்பாளையத்துச் சம்பந்தி, சுதாவின் மாமனார். வயல் வேலை செய்து இறுகிய உடம்பு. வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, எந்த நேரமும் எழுந்துபோகத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"வலிப்பு இருக்கிற பொண்ண மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டீங்க. எங்கள ஏமாத்திட்டீங்க. அவ இங்கியே இருக்கட்டும்."

அமிர்தவல்லி அம்மா அழவில்லை. "அவளுக்குச் சின்ன வயசுல ஒரு காய்ச்சல்கூட ஜாஸ்தியா வந்ததில்ல சம்பந்தி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே கட்டிலில் சுதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். எனக்கும் பெண் பிள்ளை உண்டு.

சார் நேராகக் குளியலறைக்குப் போகவில்லை. அமிர்தவல்லி அம்மாவிடம் யார் குளிக்கிறார்கள், எவ்வளவு நேரம், கதவைத் தாழ் போடுவார்களா என்று பொறுமையாகக் கேட்டார். பிள்ளை பெற்றவள் என்பதால் மகளை மணையில் உட்காரவைத்து, அம்மாவே நிதானமாக வெந்நீர் ஊற்றுவாராம். இடுப்புக்கு, முதுகுக்கு என்று நிறைய ஊற்ற வேண்டும். கதவைச் சாத்திக்கொள்வார்களாம்.

பிறகு உள்ளே போய் மேலே பார்த்தார். வென்டிலேட்டரில் பழைய புடவை ஒன்றைச் சுருட்டி இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தது.

"இது எதுக்கும்மா?"

"பச்சை உடம்புக்காரி தம்பி. காத்து பட்டா ஜன்னி கண்டுடும். அதான் அடைச்சி வெச்சிருக்கேன்."

சார் தலையாட்டிக்கொண்டார். கீசரைப் பற்றவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். கதவில் ஒரு விரல் இடுக்கு மட்டும் விட்டு அதன் வழியாகச் சுடரைப் பார்த்தபடி நின்றார். சம்பந்தியையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். முதலில் சுடர் நீலமாக எரிந்தது. ஆவி சூழ்ந்தது. அப்புறம் மெல்ல மெல்ல மஞ்சளாகி, நாக்கு நீட்டி ஆட ஆரம்பித்தது. சார் வெளியில் இருந்த சிலிண்டரை மூடினார். ரெகுலேட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கதவை விரியத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் யாரையும் உள்ளே விடவில்லை.

"நெருப்புக்கே மூச்சு முட்டுது பாத்தீங்களா?" என்றார் சம்பந்தியிடம். "நல்ல காத்து இல்லாம கேஸ் எரிஞ்சா ஒரு விஷப் புகை வரும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுத்தும், மயக்கம் வரும், வலிப்பும் வரும். ஆளே போயிடறதும் உண்டு."

சம்பந்தி லேசில் விடுகிறவர் இல்லை. "எங்க வீட்டுலயும் நெருப்பு மூட்டித்தான் சுடுதண்ணி வைக்கிறோம். விறகுல எம்மாம் பொகை வருது! எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு ஏன் வரல?"

"உங்க அடுப்பு எங்கங்க இருக்குது?"

"கொல்லையில. வேப்ப மரத்துகிட்ட."

"அவ்ளோதாங்க" என்றார் சார்.

சார் அடுத்து அமிர்தவல்லி அம்மாவிடம் திரும்பி, "அம்மா, பொண்ணைக் குளிப்பாட்டிட்டு வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"எனக்கென்னப்பா. தலைவலி மண்டைய பொளக்கும். வாந்தி வர்ற மாதிரி இருக்கும். குழந்தை அழுதுன்னு நடுவுல வெளிய வந்தா கொஞ்சம் தேவலாம்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"என் தலைவலியையெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது?"

மகளுக்கு வந்தது நோயென்றால் ஊற்றினவளுக்கு ஏன் தலைவலி என்று சார் விளக்கவில்லை. சம்பந்தி தானாகவே அமிர்தவல்லி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கடைசியில் அவர் சொன்ன முடிவு இதுதான். "அஞ்சாம் மாசம் பொண்ணையும் புள்ளையையும் அழைச்சிகிட்டுப் போறது வழக்கம். நீங்க என்னா மாத்துவீங்களோ மாத்துங்க. அது வரைக்கும் ஒண்ணும் வரலன்னா வர்றோம். வந்திச்சின்னா வர மாட்டோம்."

அவர் படியிறங்கிப் போனதும் அமிர்தவல்லி அம்மா எங்கள் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். கரண்ட் கீசர் வசதிக்காக என்றுதான் கட்டிடத்தில் சொல்லப்போகிறாராம். "வலிப்புங்கற வார்த்தை இந்தப் படியிறங்கக் கூடாது தம்பி. இறங்கிச்சின்னா அவளோட போகாது, நாளைக்கி இந்தக் குழந்தைக்கு மாப்பிள்ளை பாக்கறப்பவும் வந்து நிக்கும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்றதில்லைங்க. சொன்னா சொன்னதுதான். சொல்ல மாட்டோம்" என்றார் சார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். மீட்டர் போர்டிலிருந்து இரண்டாம் மாடிக்குப் படிக்கட்டுச் சுவர் வழியாகப் பைப் இழுக்க வேண்டியிருந்தது. முதல் மாடியில் இருந்த சேகர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், சுவரின் அழகு கெடுகிறது என்று மறித்தார். "நல்லா இருக்கிற கேஸ எதுக்குக் கழட்டறீங்க? ஏதாவது ரிப்பேரா?" என்று துருவினார். "வசதிக்குங்க" என்று சொல்லிவிட்டு சார் டிரில்லிங் மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் மேற்கொண்டு கேட்க முடியாது.

தொட்டி கீசரை மாட்டி, எர்த்தைச் சோதித்து, தண்ணீர் சுட்டதும் சார் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் பிடித்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய புடவையை எடுத்து அமிர்தவல்லி அம்மாவிடம் நீட்டினார். "இனிமே நீங்க அடைச்சிக்கலாம்மா. இதுல எரியறதுக்கு ஒண்ணும் இல்ல." வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கும்போது என்னிடம், "லைனை மாத்தத்தான் நமக்கு லைசென்ஸ். அவுங்க பழக்கத்தை மாத்த இல்ல" என்றார்.

ஆனால் அந்தக் கட்டிடத்தில் மற்ற எல்லா வீட்டிலும் கேஸ்தான். சுதா பேரைச் சொன்னால் ஒரே நாளில் எல்லாரும் மாறிவிடுவார்கள். சொல்ல முடியாது. சார் வீடு வீடாக ஏறிப் பொதுவாகப் பேசினார். வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், முடிந்தால் கரண்டுக்கு மாறுங்கள் என்றார். வியாபாரம் பிடிக்க வந்திருக்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். சிலர் மாறினார்கள். சேகர், "எங்க வீட்டுல காத்து பிச்சிக்கிட்டு வருதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அஞ்சாம் மாதம் கீரப்பாளையத்திலிருந்து பூ, பழத்தட்டோடு வேன் வந்தது. நான் அன்று மோட்டார் வேலையாக அங்கேதான் இருந்தேன். சுதா குழந்தையோடு படியிறங்கி வந்தாள். சம்பந்தி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் கீழே மோட்டார் ரூமுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், வேறென்ன.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒருமுறைகூட வரவில்லை. 2010-ல் ஞானப்பிரகாசம் சார் காலமானார். சொல்ல மாட்டோம் என்று சொன்ன இரண்டு பேரில் நான் ஒருவன் மிச்சம்.

இந்த வருடம் மின்வெட்டு முற்றியதும் அதே கட்டிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். கரண்டுக்கு மாறின வீடெல்லாம் மறுபடி கேஸுக்குத் திரும்பலாம், மொத்தமாகப் பேசினால் மலிவாக முடியும் என்பது சேகரின் யோசனை. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். கார்கள் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தது. கரண்ட் இல்லை. ஆளுக்கொரு விசிறி.

தொட்டியில் சூடு நிற்கும், கரண்ட் இருக்கும்போதே சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன்.

"கரண்ட் வர்றப்ப தண்ணி வராது, தண்ணி வர்றப்ப கரண்ட் இருக்காது" என்றார் சேகர். எல்லாரும் சிரித்தார்கள். "என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. மாடியில பச்சக் குழந்தை. நான் கேஸ் வெச்சிருக்கங்காட்டி பொழைச்சேன். இல்லன்னா சுடுதண்ணிக்கு எங்க போவேன்?"

"வென்டிலேட்டர் தொறந்திருக்குதுங்களா?"

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்ங்க."

விஷப் புகையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சேகர் கை காட்டி நிறுத்தினார். "தண்டபாணி அண்ணே, நீங்களும் உங்க சாரும் அப்பலேருந்து இதையே சொல்றீங்க. இத்தனை வருசத்துல இந்த பில்டிங்ல யாருக்காவது ஏதாவது ஆயிருக்குதா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. நானே கழட்டிப் போட்டுடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் மட்டும் கண் போய்விடக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அமிர்தவல்லி அம்மா எழுந்து நின்றார்.

"என் பொண்ணுக்கு ஆச்சி" என்றார். "சுதாவுக்கு. ரெண்டு தடவை வலிப்பு வந்து குளிக்கிற ரூம்ல விழுந்தா. நான்தான் வென்டிலேட்டரை அடைச்சி வெச்சி, நானே தண்ணி ஊத்தினேன். அவ மாமனாரு அவளை வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் கீசரைக் கழட்டினதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. பேரு கெட்டுடும்னு நான்தான் இவங்க வாயைக் கட்டிப்போட்டேன்."

விசிறிகள் நின்றுவிட்டன. சேகரின் மனைவி தன் கணவரைப் பார்க்கவில்லை. அமிர்தவல்லி அம்மாவைத்தான் பார்த்தார்.

"எப்படிக்கா இருந்திச்சி? மொதல்ல மயக்கம் மாதிரியா?"

"மயக்கம்தான். ரத்தம் கம்மி, அதான்னு நெனைச்சோம்."

"நேத்து எங்க பொண்ணும்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் செருப்பைக்கூடப் போடாமல் படியேறி ஓடினார்.

சேகரும் நானும் பின்னால் போனோம். அவர் மகள் ஹாலில் பாயில் படுத்திருந்தாள், குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நேராகச் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றினேன். சேகர் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார். வென்டிலேட்டரில் கெட்டியாக மடித்து அடைத்திருந்த துண்டைப் பிடித்து இழுத்தார். முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. வெளிக்காற்று உள்ளே புகுந்து கதவை ஆட்டியது.

"அப்பா, அதை எடுக்காதீங்க" என்று ஹாலில் இருந்து மகள் குரல் கொடுத்தாள். "காத்து வருது."

அவர் பக்கெட்டின் மேல் நின்றபடியே துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"வரட்டும்மா" என்றார். "நல்லா வரட்டும்."